சொக்கா ஏன் மண்டியிட்டான்?

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' (2005–08) ரசிகர்களிடம் அனிமேஷனா, நடிகர்களா என்ற சண்டை 2010இல் ஷியாமளன் படத்தோடு தொடங்கியது. 2024இல் நெட்பிளிக்ஸ் தொடர் வந்தும் ஓயவில்லை. முகம் பொருந்துகிறதா, நெருப்பு நிஜமாகத் தெரிகிறதா என்பதல்ல என் கேள்வி.

அனிமேஷனில் சொக்கா பெண்களை மட்டமாகப் பேசுகிறவன். கியோஷி தீவில் சூகியிடம் தோற்கிறான். பிறகு மண்டியிட்டு, எனக்கும் கற்றுக்கொடு என்கிறான். அந்தப் பெண்களின் உடையையே போட்டுக்கொண்டு பயிற்சி எடுக்கிறான். நெட்பிளிக்ஸ் அவனுடைய அந்தக் குணத்தைக் குறைத்துவிட்டது.

நல்ல எண்ணம்தான். அந்தப் பேச்சைக் கேட்டு ரசிக்கிற பிள்ளைகளும் உண்டே என்பார்கள். உண்டு. ஆனா அவங்களும் அவன் தோற்கிறதப் பார்த்துத்தானே ஆகணும்? குற்றத்தை எடுத்துவிட்டால், திருந்துவதும் கூடவே போய்விடுகிறது. தப்பே செய்யாதவனிடம், தப்பு செய்த பையன் எதைக் கற்றுக்கொள்வான்?