இருளைத் திருத்துதல்

புகைப்படத்தின் நேர்மை பற்றிய பேச்சு பெரும்பாலும் இல்லாததைச் சேர்ப்பது, இருப்பதை நீக்குவது என்பதோடு நின்றுவிடுகிறது. ஒன்றையும் சேர்க்காமல், ஒன்றையும் நீக்காமல் ஒரு காட்சியைப் பொய்யாக்கிவிட முடியும் என்பதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. இருளை வெளிச்சமாக்கினால் போதும்.

கீரனூரிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் உள்ள நார்த்தாமலையை எடுத்துக்கொள்வோம். அங்கே மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீஸ்வரம் மேற்கு பார்த்த கோயில். உதயத்தில் அதன் முன் நிற்பவன் சூரியனை நோக்கி நிற்கிறான். விமானத்துக்குப் பின்னால் வானம் பற்றி எரிகிறது. வாசலும் துவாரபாலகர்களும் கறுத்துக் கிடக்கிறார்கள். வெளிச்சம் அப்போது எதிரே, பாறையைக் குடைந்த குகைக் கோயில்களின் பக்கம் விழுகிறது. சோழீஸ்வரத்தின் முகத்தில் வெயில் பட மாலையாக வேண்டும். ஆனால் படமெடுப்பவனுக்கு உதயவானமும் வேண்டும், கோயிலின் முகமும் வேண்டும். பிரச்னை இந்த இரட்டை ஆசையில் தொடங்குகிறது.

காமிரா இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் தாங்காது. வானத்துக்கு அளந்து எடுத்தால் கல் கரியாகிறது. கல்லுக்கு அளந்தால் வானம் வெளுத்துப்போகிறது. வெளுத்ததை மீட்க வழியில்லை. அங்கே பதிவே இல்லை. இருளில் பதிவு உண்டு, ஆனால் ஏழ்மையான பதிவு. 14 பிட் ‘ரா’ கோப்பில் மொத்தம் 16,384 படிகள். ஒளி பாதியாகக் குறையக் குறைய அதற்குக் கிடைக்கும் படிகளும் பாதியாகின்றன. உச்ச வெளிச்சத்துக்கு 8,192 படிகள் என்றால், அங்கிருந்து இறங்கிப் பத்தாவது நிலைக்கு வெறும் 16. துவாரபாலகரின் முகம் இப்படியான ஒரு சொற்பத்துக்குள் அடைந்து கிடக்கிறது. டார்க்டேபிளிலோ ராதெரபியிலோ அதை மேலே இழுத்தால், மணல் தூவியது போன்ற இரைச்சலும் கூடவே வருகிறது. அதைத் தவிர்க்க, வெவ்வேறு அளவில் எடுத்த பல படங்களை என்ஃபியூஸ் கொண்டு ஒன்றாகக் கோக்கிறார்கள்.

இது கணினி கொண்டுவந்த பாவமல்ல. 1850களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து ஒரே பிரதியில் அச்சிட்டார். ஆன்சல் ஆடம்ஸ், 1941இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவுதயத்தைப் பின்னாட்களில் அச்சிட்டபோது, வானத்தை மேலும் கறுப்பாக்கினார். இருவரும் கலைஞர்கள்தான். ஆகவே திருத்துவதா வேண்டாமா என்ற கேள்வி காலாவதியானது.

‘கண் பார்த்ததைத்தான் மீட்கிறேன்’ என்பது வழக்கமான சமாதானம். இதில் பாதி உண்மை இருக்கிறது. கண் அவ்வளவு குருடல்ல. தட்டையான கரிய நிழலுரு காமிராவின் இயலாமையே தவிர யாருடைய அனுபவமும் அல்ல. ஆனால் கண் வானத்தையும் வாசலையும் ஒருசேரப் பார்ப்பதுமில்லை. வானத்திலிருந்து இறங்கி, கூச்சம் தணியக் காத்து, இருளைத் துழாவி உருவத்தைக் கண்டுகொள்கிறது. பார்வைக்குள் காலம் இருக்கிறது. படமோ அத்தனையையும் ஒரே கணத்தில் சமமாக நீட்டுகிறது. காத்திருப்பு அதிலிருந்து உதிர்ந்துவிடுகிறது.

அங்கே நிற்பவன் பொறுத்துப் பார்த்தால் எவ்வளவு தென்படுமோ அவ்வளவு வரை நிழலை உயர்த்தலாம் என்பது என் எண்ணம். இது விதியல்ல, மனசாட்சி சார்ந்த ஒரு கணிப்பு. அதைத் தாண்டிக் கல்லின் மேல் மாலை வெயிலின் துலக்கம் வந்துவிட்டால், உதயவானமும் சாயங்கால முகமும் கொண்ட, எந்த நாளிலும் இல்லாத ஒரு பொழுது உண்டாகிவிடுகிறது. பொருள் எதையும் சேர்க்கவில்லை. ஒரு பொழுதைச் சேர்த்தாயிற்று. சித்திரக்காரனுக்கு அந்த உரிமை உண்டு. ‘இது இப்படி இருந்தது’ என்ற நம்பிக்கையைக் கடனாகப் பெற்று வாழும் புகைப்படத்துக்கு அது எளிதில் கிடைக்கக் கூடாது.

கட்டற்ற மென்பொருளின் முக்கியத்துவம் இங்கேதான். காசு வேண்டாம் என்பது அதன் சிறிய குணம். 2009இல் தொடங்கிய டார்க்டேபிள், மூலக் கோப்பைத் தொடுவதே இல்லை. எந்த இருளை எவ்வளவு உயர்த்தினோம் என்பதைப் படிப்படியாக ஒரு தனிக் கோப்பில் எழுதிவைக்கிறது. கருவி உள்ளே என்ன செய்கிறது என்பதையும் வாசிக்கத் தெரிந்தவர் எவரும் திறந்து வாசிக்கலாம். இன்றைய கைபேசிக் காமிரா இதற்கு நேர் எதிர். பொத்தானை அழுத்திய கணத்தில் பல படங்களைத் தானே கோத்து, நிழலைத் தானே விலக்கி, ஒன்றும் நடக்காதது போல ஒரு படத்தை நீட்டுகிறது. தீர்மானம் ஒன்று நடந்தது என்பதே எடுத்தவனுக்குத் தெரிவதில்லை. கண்ணைப் பறிக்கும் வர்ணங்களின் ரசனைக் குறைவைவிட இது கவலைக்குரியது. ரசனைக் குறைவுக்காவது ஒரு சொந்தக்காரன் உண்டு.

ஆனால் திறந்த கருவி மட்டும் யாரையும் யோக்கியனாக்கிவிடாது. திருத்தத்தின் கணக்கு எடுத்தவனின் கணினியில் தங்கிவிடுகிறது. படம் மட்டும் தனியே ஊர் சுற்றுகிறது.

சோழீஸ்வரத்தின் துவாரபாலகர் ஒருவரின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி மழையால் சிதைந்தது, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான் என்பது அதன் செய்தி. தன் பெயர் நிற்க வேண்டும் என்பதற்காகவே அவன் வெட்டுவித்திருக்கலாம். ஆனாலும் திருத்திய பொருளின் மேலேயே திருத்தம் பதிவாகிவிட்டது. கூடவே சிதைவும் பதிவாகிவிட்டது. கோயிலின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை.

நம் படத்தின் கீழே ‘நிழல் உயர்த்தப்பட்டது’ என்று ஒரு வரி எழுத என்ன தடை? மயக்கம் கலைந்துவிடும் என்ற பயம்தான். அந்த ஒரு வரியைத் தாங்க முடியாத அழகு எதன் மேல் நிற்கிறது என்பதைப் படமெடுப்பவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.