அரேதூசாவின் நெற்றி

தோழி தந்த வெள்ளிப் பதக்கத்தில் ஒரு பெண்முகம். சிசிலியின் சிராக்யூஸ் நகரம் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளியிட்ட வெள்ளி நாணயத்தின் நகல். கூந்தலுக்கிடையே டால்பின்கள் நீந்துகின்றன. அழகுதான்.

அவள் அரேதூசா. குளித்துக்கொண்டிருந்தவளை ஆற்றுத்தெய்வம் அல்ஃபியஸ் துரத்தினான். நீராக மாறி, கடலடியில் சிராக்யூஸ் வரை ஓடி, அங்கே ஊற்றாகப் பொங்கினாள். அவனும் பின்தொடர்ந்துவந்து அவள் நீரில் கலந்தான். இதைக் காதல் என்றவர்களும் உண்டு!

அசல் நாணயத்தில் அவள் நெற்றிப்பட்டையிலேயே அச்சு செதுக்கிய கிமோனின் பெயர் இருக்கிறது. அவள் பெயர் மேலே, விளிம்போரம். பதக்கம் செய்தவர் விளிம்பை வெட்டியதில் போனது அவள் பெயர்தான். நெற்றியில் அவன் பெயர் அப்படியே.

ஓடிய ஒருத்தியின் முகத்தை நான் நகையாக அணியலாமா? பெட்டிக்குள் பூட்டினால் மட்டும் அவளுக்கு என்ன கிடைக்கும்? அணிகிறேன். “யாரு இது?” என்று கேட்பவர்களிடம் பெயரோடு கதையையும் சொல்கிறேன். சிலர் பதக்கத்திலிருந்து விரலை எடுத்துவிடுகிறார்கள்.