இளமையின் சாட்சி

இளமைத் தோழர் இறந்தால் நாம் அழுவது அவருக்காகவா, நமக்காகவா? தோழரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பும் எவரையும் இக்கேள்வி விடுவதில்லை. ஏனெனில், அவரோடு நம் இளமையைக் கண்ட சாட்சியும் மண்ணுக்குள் போய்விடுகிறது.

மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிநாயக்கனூருக்குச் சென்ற மீட்டர்கேஜ் இரயில் 2010 இறுதியில் நின்றது. அகலப்பாதை இரயில் 2022இல் தேனிக்கும், 2023இல் போடிக்கும் வந்தது. பாதை திரும்பக் கிடைத்தது. ஆனால், பழைய வண்டியில் சன்னலோர இடத்திற்குச் சண்டையிட்ட சிறுவர் இருவரில் ஒருவர் இன்று இல்லையென்றால், மற்றவர் அந்நாளை யாரிடம் சொல்லிச் சிரிப்பார்? சொன்னாலும் கேட்பவருக்கு அது கதை. உடனிருந்தவருக்கு மட்டுமே அது வாழ்வு.

ஆகவே நமக்காகவும் அழுகிறோம் என்பதே உண்மை. அது குற்றமன்று. பெத்தானியாவில் இலாசரின் மரணத்திற்காக ஆண்டவரே கண்ணீர் சிந்தினார்.

புனித அகுஸ்தினார் தம் ‘அறிக்கைகள்’ நூலின் நான்காம் பகுதியில், தகாஸ்தே நகரில் தம்மோடு வளர்ந்து, தம்மோடு படித்த நண்பரின் மரணத்தை விவரிக்கிறார். காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த நண்பருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. நினைவு திரும்பியதும் அகுஸ்தினார் அதைக் கேலி செய்தார். நண்பரோ அவரைக் கடிந்துகொண்டார். பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அகுஸ்தினார் காத்திருந்தார். சில நாள்களில், அவர் அருகில் இல்லாதபோது, நண்பர் இறந்தார். பிறந்த ஊரே பொறுக்க முடியாததாகிவிட, அவர் கார்த்தேஜுக்குச் சென்றார்.

‘பிறகு’ என்பது நம் கையில் இல்லை. இதை உணர்த்தும் மற்றொரு நட்பு நம் காலத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜா, 1960களின் இறுதியில், புகழ் வருமுன், எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் இசைக்குழுவில் வாசித்தவர். பாடல் உரிமை தொடர்பாக 2017இல் அவர்களிடையே வழக்கறிஞர் அறிவிப்பு குறுக்கிட்டது. ஆயினும் 2019 ஜூனில் சென்னையில் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றனர். 2020 செப்டம்பர் 25 அன்று பாலசுப்பிரமணியம் மறைந்தார். இளையராஜா திருவண்ணாமலையில் மோட்ச தீபம் ஏற்றினார். ஒப்புரவுக்கும் மரணத்துக்கும் இடையே இருந்தது ஓராண்டும் சில மாதங்களுமே.

மரணத்தைத் தடுக்க நம்மால் இயலாது; இளமையை மீட்கவும் இயலாது. மனத்தாங்கலோடு பிரியாதிருக்க மட்டும் இயலும். துயரம் அதனால் குறையாது. ஆனால், அதில் கசப்பு கலவாது. அத்தகைய துயரம் நாளடைவில் நன்றியாகவும் செபமாகவும் கனியும்.

கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றச் செல்கிறோம். நல்லது. அதற்கு முன், உயிரோடிருக்கும் பழைய தோழரின் வாசலுக்கு ஒருமுறை சென்று வருவோம்.