எண்ணுக்குத் தெரியாதது

வல்லக்கோட்டை முருகன் கோயில், வஜ்ர தீர்த்தக் கரை. ஒரகடம் பக்கத்து விடுதிகளில் தொழிலாளர்களைக் கேட்டு வினாத்தாள் நிரப்பிக்கொண்டு வந்த சீடன், ஆசானுக்கு ஒரு படி கீழே அமர்கிறான். அவன் கேட்கும் கேள்வியைப் பல ஆண்டுகள் நானே மனத்தில் சுமந்து திரிந்திருக்கிறேன்.

சீடன்: ஐயா, கேட்டு முடித்துவிட்டேன். வயது, சம்பளம், சொந்த ஊர், ஷிப்ட், வேலையில் மனநிறைவு எல்லாவற்றையும் எண்ணாக்கிக் கணினியில் ஏற்றிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் வந்துவிட்டது.

ஆசான்: ஷிப்டுக்குமா?

சீடன்: ஏ ஷிப்டுக்கு 1, பி-க்கு 2, சி-க்கு 3 என்று குறியிட்டேன். சராசரி 1.9.

ஆசான்: அந்த 1.9 ஷிப்டுக்கு ஆளை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் எது, தம்பி? நீ போட்டது எண் அல்ல, எண்ணின் உருவில் ஒரு பெயர். அதில் எத்தனை பேர், எது மிகுதி என்று எண்ணலாம்; முகடு சொல்லலாம். அதற்கு மேல் இல்லை. இது பெயரளவை.

வயதும் சம்பளமும் ஆள் எண்ணிக்கையும் அப்படியல்ல. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அதில் பாதி 9,360. இங்கே பூஜ்யம் என்றால் ஒருவரும் இல்லை என்று பொருள். இது விகித அளவை. பெயரளவைக்கும் விகித அளவைக்கும் நடுவே ஆண்டு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் தொடங்கி 2014-ல் மூடியது. கழித்தால் எட்டு ஆண்டு கிடைக்கிறது, அதற்குப் பொருள் உண்டு. 2014-ஐ 2006-ஆல் வகுத்தால் வருவதற்குப் பொருளில்லை. அது இடைவெளி அளவை.

சீடன்: மனநிறைவு?

ஆசான்: அதற்குத்தான் உன்னை இந்தப் படியில் உட்காரவைத்தேன். கீழே பார். இரண்டாம் படி முதல் படிக்குக் கீழே, மூன்றாம் படி அதற்கும் கீழே. ஆனால் ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது கால்பட்டுத் தேய்ந்து சாண் அளவு, இன்னொன்று சேற்றில் பாதி புதைந்திருக்கிறது. ‘நான்காம் படியில் நிற்கிறேன்’ என்பவன் தன் வரிசையைச் சொன்னான். ஆழத்தைச் சொல்லவில்லை. மிக மோசம், மோசம், சுமார், நன்று, மிக நன்று என்ற உன் ஐந்தும் இந்தப் படிகள்தாம். இது வரிசை அளவை.

சீடன்: ஐ.டி.ஐ., பிளஸ் டூ, டிப்ளமோ இவையும் படிதானா?

ஆசான்: ஐ.டி.ஐ. மேலா பிளஸ் டூ மேலா என்று நீயே முதலில் முடிவு செய்துவிட்டு வா. அப்புறம் பேசலாம்.





சீடன்: அப்படியானால் என் பெரிய ஐயத்தைச் சொல்கிறேன். தான் எங்கிருந்து வந்தோம் என்பது எண்ணுக்குத் தெரியாது. 3-ம் 5-ம் கூடினால் 8. கணினி தடுப்பதில்லை, விடையும் வருகிறது. அளவைக்கு ஏற்ற கணக்கு என்று வேலி போட நாம் யார்?

ஆசான்: நல்ல கேள்வி. எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-ல் இந்த நான்கு அளவைகளை வகுத்தார். ஏழே ஆண்டில், 1953-ல், ஃபிரெடெரிக் லார்ட் உன்னுடைய இதே மறுப்பை ஒரு கதையாக எழுதினார். ஒரு பேராசிரியர் கால்பந்து வீரர்களின் சட்டைக்கு, எண்களைக் குலுக்கித் தரும் ஒரு பெட்டியிலிருந்து எண் விற்கிறார். முதலாண்டு மாணவர்கள் தங்களுக்குச் சிறிய எண்களாகவே வந்ததென்று முறையிடுகிறார்கள். புள்ளியியலார் ஒருவர் கூசாமல் அந்த எண்களுக்குச் சராசரி எடுத்து, எண்கள் சரியாகக் குலுக்கி வந்திருந்தால் இவ்வளவு சிறிய சராசரி வர வாய்ப்பில்லை என்று நிறுவுகிறார். சட்டை எண் வெறும் பெயர். ஆனாலும் கணக்கு செல்லுபடியானது. இதைப் படித்துவிட்டு உன்னைப் போலவே நானும் வேலியைப் பிடுங்கி எறிந்தேன். சில ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

பிறகுதான் விளங்கியது. அந்தச் சராசரி வீரர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 60-ஆம் எண்காரன் 30-ஆம் எண்காரனைவிட இருமடங்கு ஆட்டக்காரன் என்று அது சொல்லவில்லை. எண் வழங்கிய பெட்டியைப் பற்றிச் சொன்னது. எண்ணுக்குத் தெரியாதது உண்மைதான். கேட்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ கேட்பது பெட்டியைப் பற்றியா, ஆளைப் பற்றியா? விடுதியில் இருக்கும் பெண்ணின் மனநிறைவை நீ கேட்டால் அது ஆளைப் பற்றியது. அங்கே படிக்கட்டுக்குத் திரும்பியாக வேண்டும்.

கணக்காகவே பார். முதல் விடுதியில் பத்துப் பேரும் ‘சுமார்’ என்கிறார்கள் என்று வை. இரண்டாவதில் ஆறு பேர் ‘மோசம்’, நான்கு பேர் ‘மிக நன்று’. ஒன்று முதல் ஐந்து வரை குறியிட்டால் முதலாவதன் சராசரி 3, இரண்டாவது 3.2. இரண்டாவது விடுதி மேல் என்று எழுதிவிடுவாய். இப்போது படிகளின் வரிசையை மாற்றாமல் உயரத்தை மட்டும் மாற்று: 0, 1, 5, 6, 7. முதலாவது 5, இரண்டாவது 3.4. தீர்ப்பு தலைகீழ். தொழிலாளி ஒருவரும் தன் பதிலை மாற்றவில்லை. மாறியது உன் மேசையில் இருந்த குறி. வரிசையில் நடுவே நிற்பவரின் பதிலை, அதாவது இடைநிலை அளவைப் பார்: எந்தக் குறியிலும் முதலாவது ‘சுமார்’, இரண்டாவது ‘மோசம்’. படியின் உயரம் தெரியாதவனும் நடுவில் நிற்பவரைக் காட்ட முடியும். ஆனால் இடைநிலை அளவும் அந்த நான்கு பேரை விழுங்கிவிடுகிறது என்பதை மறக்காதே.

இதைவிட ஆழமான ஒன்று உண்டு. படியை வெட்டியவர் யார்? பெயரளவை எளியது என்று எண்ணிவிடுகிறோம். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பருவ வேலையானால் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தவரும், வழக்கமான வேலையானால் முந்தைய பதினைந்து நாளில் ஒரு நாளாவது உழைத்தவரும் ‘தொழிலாளி’. 1971-ல் ‘உன் முதன்மை வேலை எது’ என்று கேட்டார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண் ‘வீட்டு வேலை’ என்றாள். நாட்டில் வேலை செய்யும் பெண்களின் பங்கு ஏறத்தாழ 28 விழுக்காட்டிலிருந்து பாதியளவுக்கு இறங்கிவிட்டது. வயலில் குனிந்த முதுகுகள் பாதியாகவில்லை. படியை வேறிடத்தில் வெட்டினார்கள், அவ்வளவுதான். 1981-ல்தான் முதன்மைத் தொழிலாளர், விளிம்புநிலைத் தொழிலாளர் என்று இரண்டு படியாக்கி, 183 நாளை எல்லையாக வைத்தார்கள்.

இன்றும் அப்படித்தான். 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒழுங்காகச் சம்பளம் வாங்குபவருக்குக் குறி 31. ஒரகடத்தில் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பெர்மனன்ட் ஆளும் காண்ட்ராக்ட் ஆளும் அந்த ஒரே 31-க்குள் அடங்கிவிடலாம். எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்ற தனிக் கேள்விகளைத் திறந்தால்தான் இருவரும் பிரிவார்கள். சிப்காட்டில் ‘நீங்கள் எதில் வேலை’ என்று கேட்டால் ஒருவரும் 31 என்று சொல்லமாட்டார்கள். ‘காண்ட்ராக்ட்ல இருக்கேன்’ என்பார்கள். வீட்டு வேலையோடு விறகும் கீரையும் பொறுக்கி வருகிற பெண்ணுக்குக் குறி 93. அவள் தொழிலாளர் கணக்கிலேயே இல்லை. 93 என்பது 31-ஐவிடப் பெரிய எண். அவள் பட்ட பாட்டைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே உன் அறிக்கையில் மனநிறைவின் சராசரியை அடித்துவிடு. ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் நின்றார்கள் என்று ஐந்து எண்ணிக்கையையும் அப்படியே எழுது; பெர்மனன்ட் தனியாக, காண்ட்ராக்ட் தனியாக, ட்ரெய்னி தனியாக. பகலில் போனாய் அல்லவா, சி ஷிப்ட் முடித்துவந்து உறங்கிய சிலரின் அறைக்கதவு சாத்தியிருந்திருக்கும். அந்த அறை எண்களைக் குறித்துவைத்திருக்கிறாயா? நாளை மாலை ஆறு மணிக்கு, அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால், அங்கே போ.