பசி தணிக்கும் இலையும் புலனடக்கமும்

சிறுகுறிஞ்சான் இலையை மென்று துப்பிய வாயில் சர்க்கரையைப் போட்டால் மணலை மெல்வது போலிருக்கும். உப்பும் புளிப்பும் வழக்கம்போலத் தெரியும். இனிப்பு மட்டும் ஏறத்தாழ அரை மணி நேரம் காணாமல் போய்விடும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாவின் இனிப்பு ஏற்பிகளை மறித்துக்கொள்வதே காரணம். சர்க்கரைக்கொல்லி என்றும் வழங்கும் இந்தக் கொடியின் பொடியை நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் ஏராளம். அறவியலின் பழைய கேள்வி ஒன்று இங்கே புது வடிவில் எழுகிறது: ஆசையை மூலிகை கொண்டு அடக்கியவரைப் புலனடக்கம் உடையவர் என்று சொல்லலாமா?

பசி மனத்தில் மட்டும் எழுவதில்லை. வெறும் வயிற்றில் சுரந்து உணவு வேளைக்கு முன் உயரும் பசித் தூண்டல் ஹார்மோனான கிரெலினை 1999-இல் ஜப்பானில் கொஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தார்கள். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1994-இல், அமெரிக்காவில் ஃப்ரீட்மனின் குழு லெப்டினைக் கண்டறிந்திருந்தது. கொழுப்புத் திசுவில் சுரக்கும் அது, உடலில் இருப்பு போதும் என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 இன்சுலினைத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, நிறைவைத் தருகிறது. எடை குறையும்போது லெப்டின் இறங்கும், கிரெலின் ஏறும். மெலிய முயல்பவருக்குப் பசி கூடுவது உடலின் தற்காப்பு. அவரை ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று பழிப்பது அநியாயம்.

மூலிகைகள் இந்த ஏற்பாட்டில் வெவ்வேறு இடங்களில் தலையிடுகின்றன. ஊறிய வெந்தயத்தின் நார்ச்சத்து குடலில் கொழகொழப்பாகிச் சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், 22 நோயாளிகள் வழக்கமான மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் சாற்றை நாளொன்றுக்கு 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் உட்கொண்டார்கள். இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐந்து பேர் மாத்திரையையே விட முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் ஆய்வு சிறியது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டதும் அல்ல. கலஹாரியின் சான் மக்கள் வேட்டைப் பயணத்தில் பசி தாங்க மென்ற ஹூடியா என்ற கள்ளிபோன்ற செடி எடைக் குறைப்புச் சரக்காக உலகெங்கும் விற்கப்பட்டது. அம்மக்களைக் கேட்காமலே தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை பெற்றது. 2003-இல்தான் அவர்களுக்குப் பங்கு தர ஒப்பந்தம் ஆனது. பின்னர் மனிதரிடம் செய்த சோதனையில் உண்ணும் அளவு குறையவில்லை. குமட்டல் முதலிய தொல்லைகளே மிஞ்சின.

இனி, கேள்விக்கு வருவோம். உணவை விட்டவனை விட்டுப் புலன்நுகர் பொருள்கள் விலகினாலும் சுவைமேல் உள்ள பற்று விலகுவதில்லை, பரம்பொருளைக் கண்ட பிறகே அது விலகும் என்கிறது கீதையின் இரண்டாம் அத்தியாயம். இலையின் வேலை இதற்கு நேர்மாறு. தட்டில் இனிப்பு இருக்கிறது, நாவில் சுவை இல்லை. பற்றோ நினைவில் அப்படியே காத்திருக்கிறது. அரை மணி கழிந்தால் நாவும் பழைய நாவாகிவிடும்.

சமண நெறி புறத்தவங்களில் ஒன்றாகச் சுவைத் துறவைச் சொல்கிறது. நெய், பால், தயிர், வெல்லம் போன்றவற்றின் சுவையை அறிந்தே விடுவது அது. இலையை மென்று இனிப்பை மறுப்பவர் எதையும் விடவில்லை. ஆகவே நோன்பு நாளில் பசியடக்கும் பொடியை விழுங்குவது நோன்பின் நோக்கத்தையே குலைக்கும். பசியை உணர்ந்து, அதற்கு ஆட்படாமல் இருப்பதற்குத்தானே நோன்பு?

நோயாளியின் நிலை வேறு. அவர் விரதம் ஏற்கவில்லை. கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார். அரிஸ்டாட்டில் இருவரைப் பிரித்துக் காட்டினார்: ஆசையோடு போராடி வெல்பவர் ஒருவர், தகாத ஆசையே எழாதவர் மற்றவர். இரண்டாமவரையே அவர் உயர்வாக வைத்தார். அப்படியானால் பட்ட துன்பத்தின் அளவு அறத்தின் அளவாகாது. மூலிகையால் ஆசை தணிந்தவர் அந்த இரண்டாமவர் ஆகிவிடமாட்டார். அந்நிலை நெடுநாள் பழக்கத்தில் விளைவது. ஆனால் தன் பலவீனத்தை அறிந்து, முன்கூட்டியே துணை தேடிய அளவில் முதலாமவரின் வரிசையில் அவருக்கு இடமுண்டு. மருந்தின் உதவியால் கிடைத்தது என்பதற்காக அந்த முயற்சியைக் குறைத்துப் பேச நியாயம் இல்லை.

அந்தத் துணை பாதுகாப்பானதாகவும் இருக்க வேண்டும். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் சிறுகுறிஞ்சானையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடைசியில் மயக்கம் வரும். பொடி சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.