கண்ணாடிப் பெட்டிக்குள் செரி ராமா

பினாங்கின் பாயான் பாருவிலிருந்து வண்டியெடுத்தால் சில நிமிடத்தில் பாம்புக் கோயில் வந்துவிடும். சோர் சூ கோங் என்ற துறவியின் பெயரில் எழுந்த சீனக் கோயில் அது. ஊதுவத்திப் புகைக்கு நடுவே மரக்கிளைகளில் குழிவிரியன்கள் சுருண்டு கிடக்கும். பலிபீடத்தின் முன் ஒரு மூதாட்டி ஊதுவத்திக் கட்டை நெற்றிவரை உயர்த்தி நிற்பார். இரண்டடி தள்ளி, சுற்றுலா வந்த ஒருவர் கைப்பேசியை அதே உயரத்துக்கு உயர்த்தி நிற்பார். கோயில் இருவரையும் விரட்டுவதில்லை. பாம்புகளும் கண்டுகொள்வதில்லை.

அங்கிருந்து சற்று வடக்கே, மிண்டன் வளாகத்தில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) அருங்காட்சியகம் இருக்கிறது. 1982இல் தொடங்கி, இன்று துவாங்கு ஃபௌசியாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கெரிஸ் கத்திகள், வயாங் கூலிட் என்ற நிழற்கூத்துப் பொம்மைகள், நவீன ஓவியங்கள் என்று பலவகைச் சேகரிப்பு. இதுபோன்ற பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களின் அனுபவத்தை எப்படி மேம்படுத்துவது என்று பேச்செடுத்தால், உடனே வந்து விழுபவை நாற்காலி, குளிர்சாதனம், கார் நிறுத்துமிடம், குறிப்பட்டையில் எழுத்தின் அளவு. எல்லாம் வேண்டியவைதான். பினாங்கு வெயிலில் மேடேறி வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் தத்துவம். ஆனால் தண்ணீர் குடித்து முடித்தபின் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: ஒரு காலத்தில் படையல் பெற்ற பொருளின் முன் அவர் யாராக நிற்கவேண்டும்? பார்வையாளராகவா, தரிசிக்க வந்தவராகவா?

வயாங் கூலிட்டையே எடுத்துக்கொள்ளலாம். பதப்படுத்திய தோலில் வெட்டி, மூங்கில் குச்சியில் பொருத்திய உருவங்கள். கிளந்தான் மரபில் நாயகன் செரி ராமா, நம் ராமன்தான். பச்சை நிறம் பூசியிருப்பார்கள். ஆட்டுவிக்கும் டாலாங் மலாய் முஸ்லிம். ஆட்டம் தொடங்குமுன் ‘புக்கா பங்குங்’ என்ற சடங்கு உண்டு: படையல் வைத்து, மந்திரம் சொல்லி, ஆவிகளிடம் அனுமதி கேட்டபிறகுதான் அரங்கு திறக்கும். இந்த அம்சங்கள் சமயத்துக்கு ஒவ்வாதவை என்று 1990களின் தொடக்கத்தில் கிளந்தான் மாநில அரசு பொது இடங்களில் வயாங் கூலிட்டுக்குத் தடை போட்டது. அதே பொம்மை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. பெட்டிக்குள் அதை யாரும் அழைப்பதில்லை, அதுவும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. அவித்த விதை முளைக்காது என்ற நிம்மதி.

சாமியை ஓர் உருவத்திலிருந்து வெளியேற்றுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்கிறார்களே, அது என்ன? மூலவரின் ஆற்றலைக் கும்பத்துக்கோ அத்திமரப் பலகைக்கோ வரைந்த படத்துக்கோ மாற்றிவைக்கிறார்கள். திருப்பணி முடியும்வரை கருவறையில் நிற்பது வெறும் கல். சிலை வேறு, சாமி வேறு என்பதை ஆகமமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அங்கே முறையான விடைபெறல் உண்டு. குடமுழுக்கன்று திரும்பி வரும் ஏற்பாடும் உண்டு. அருங்காட்சியகத்துக்குப் போன திருமேனிகளில் எத்தனைக்கு அப்படி நடந்தது?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் சதபீஸ் ஏலத்தில் ஒரு திருமங்கை ஆழ்வாரை வாங்கியது. 16ஆம் நூற்றாண்டு வெண்கலத் திருமேனி. அதே திருமேனி 1957இல் தமிழ்நாட்டின் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படம் சாட்சி. 2019இல் ஓர் ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்ட, 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் இந்தியாவுக்குத் திருப்பித்தர ஒப்புக்கொண்டது. பெருமாளுக்காக வழிப்பறி செய்ததாகக் கதை சொல்லப்படும் ஆழ்வாரையே யாரோ வழிப்பறி செய்துவிட்டார்கள்! இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அவர் முன் ஒரு தமிழர் கைகூப்பியிருந்தால், அந்தத் தமிழர் இடம் தெரியாமல் நடந்துகொண்டார் என்று சொல்லமுடியுமா? குறிப்பட்டை சொல்லாததை அந்தக் கைகள் சொல்லியிருக்கும். உலோகம், காலம், உயரம் மட்டும் எழுதிய அட்டையை நடுநிலை என்று நினைத்துக்கொள்கிறோம். ‘இது இப்போது சாமி இல்லை’ என்று அதுவும் தீர்ப்புத்தான் எழுதுகிறது.

நேரத்தின் கணக்கும் இதோடு சேர்ந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், ஒரு படைப்பின் முன் மக்கள் நின்றது சராசரியாக 27 விநாடி. பினாங்கின் தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏறுகிறவர் சந்நிதியில் நிற்பதும் அவ்வளவுதான் இருக்கும். வித்தியாசம் அதற்கு முந்தைய நேரத்தில் இருக்கிறது: படி, வரிசை, மூடிய திரை, மணி, பிறகு சட்டென்று தீபம். கண்ணைத் தயார்செய்துவிட்டுத்தான் கோயில் காட்டுகிறது.

தெரிந்தோ தெரியாமலோ ஹார்வர்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகம் இதைச் செய்து பார்த்தது. மார்க் ரோத்கோ அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓர் உணவுக்கூடத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்கள் சன்னல் வெயிலில் வெளிறிப்போய், 1979இல் கழற்றப்பட்டன. 2014இல் அவற்றின் மேல் தூரிகை வைக்காமல், இழந்த சிவப்பை வண்ண ஒளியாகப் பாய்ச்சிக் காட்டினார்கள். அந்தக் காட்சி நடந்த நாட்களில் தினமும் மாலை 4 மணிக்கு அந்த ஒளியை அணைத்தார்கள். வெளிறிய ஓவியம் உள்ளபடி தெரிந்தது. திரை விலகும் நேரம் தெரிந்து வந்து நிற்பதுபோல, அந்த நேரத்துக்கென்றே வர முடிந்தது.

மிண்டனில் இதற்கு ஹார்வர்டின் கருவிகள் தேவையில்லை. ஒரு வெள்ளைத்துணி, ஒரு விளக்கு, நகலாகச் செய்த ஒரு செரி ராமா போதும். அரங்கு திறக்குமுன் டாலாங் யாரை அழைப்பார், என்ன படைப்பார் என்பதை அவர் சொன்னபடியே எழுதிவைக்கலாம். எதிரே ஒரு பெஞ்ச். கைகூப்புவதா, படமெடுப்பதா என்பதை வருகிறவர் பார்த்துக்கொள்வார். காவலாளி தலையிட வேண்டியதில்லை. முடிவுசெய்ய வேண்டியது பெஞ்சை எந்தப் பக்கம் போடுவது என்பதைத்தான்: நிழல் விழும் பக்கமா, டாலாங் உட்காரும் பக்கமா?