ஐம்பத்தோராம் சங்கீதம் யாருடைய பாட்டு?



விபூதிப் புதனுக்கு அடுத்த ஞாயிறன்று பூசை முடிந்து சனம் கலைந்த பின்னர், கோவில் விறாந்தையில் ஒரு தாய் எமக்காகக் காத்திருந்தார். களுதாவளையில் வாழ்பவர். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் அந்த எழுவான்கரைக் கிராமத்தை உங்களிற் பலர் அதன் பிள்ளையார் கோவிலாலும் வெற்றிலைத் தோட்டங்களாலும் அறிவீர்கள். நம்மவர் அங்கே மிகச் சிலரே.

“சுவாமி, புதன்கிழமை பாடின சங்கீதத்தை நான் ஒவ்வொரு நாள் இரவும் சொல்லிக்கொண்டு வாறன். இருபது வருசத்துக்கு மேலாச்சு. எனக்கு இன்னும் மன்னிப்புக் கிடைக்கல்ல. சொல்லுறதில ஏதும் பிழையோ?” என்று கேட்டார்.

எந்தப் பாவத்துக்கு அம்மா என்று கேட்டோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். அன்று காலை கடல் ஊருக்குள் ஏறியபோது பிள்ளைகள் இருவரையும் இரு கைகளிலும் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். ஒரு கை நழுவிற்று. மூத்தவன் இன்று குடும்பஸ்தன். இளையவளின் உடலும் கிடைக்கவில்லை. “என்ர கைதான் சுவாமி விட்டது” என்றார். (இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. எழுதுவதும் அவருடைய சம்மதத்துடனேயே.)

உடனே மறுமொழி சொல்ல எமக்கு நா எழவில்லை. அடுத்த ஞாயிறு சொல்வதாகக் கூறிவிட்டு, குருமடத்து நாட்களிலிருந்து மனப்பாடமாய் இருக்கும் அந்தச் சங்கீதத்தை, மனப்பாடம் என்பதாலேயே பல காலம் ஊன்றி வாசியாத அந்தச் சங்கீதத்தை, எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம்.

பழைய செபப் புத்தகங்களில் அது ஐம்பதாம் சங்கீதம். எபிரேய வரிசையில் ஐம்பத்தொன்று. தவத்துக்கென்று திருச்சபை தெரிந்தெடுத்த ஏழு சங்கீதங்களில் நான்காவது. குருக்களும் துறவியரும் வெள்ளிதோறும் காலைச் செபத்தில் சொல்வதும் இதுவே. பெத்சபேயின் காரியத்துக்குப் பின் நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்தபோது பாடப்பட்டது என்று அதன் தலைப்பு கூறுகிறது. ஆகவே சாமுவேலின் இரண்டாம் ஆகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை வாசிக்க வேண்டும்.

அங்கே என்ன நடந்தது? போர்க்களத்தில் நிற்கும் ஒரு போர்வீரனின் மனைவியை அரசன் எடுத்துக்கொள்கிறான். அவள் கருவுற்றதும் கணவன் உரியாசை வீட்டுக்கு அனுப்பி விஷயத்தை மூடப் பார்க்கிறான். தோழர்கள் வெளியிலே படுத்திருக்கத் தான் வீட்டுக்குப் போவதில்லை என்று உரியாஸ் மறுக்கவே, அவனைச் சாகவிடும்படி படைத்தலைவனுக்குக் கடிதம் எழுதி, அதை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான். தன் மரண ஓலையைத் தானே சுமந்து செல்கிறான் அந்த மனிதன். பாவத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் நாங்கள் பெத்சபேயைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். அந்தக் கடிதத்தைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பது எமக்கு விளங்குவதில்லை.

பின்னர் நாத்தான் வருகிறார். ஒரே ஓர் ஆட்டுக்குட்டியை வைத்திருந்த ஏழையின் கதையைச் சொல்கிறார். அதைப் பறித்த செல்வந்தன் சாகத் தக்கவன் என்று அரசன் கொதிக்கிறான். அந்த மனிதன் வேறெவனுமல்லன், தாவீதே என்று தீர்க்கதரிசி முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். அந்தக் கணத்திலிருந்து பிறந்த பாட்டு இது.

பாட்டின் தொடக்கத்தில் எபிரேய மொழி குற்றத்துக்கு மூன்று சொற்களை வைக்கிறது. ஒன்று கலகம், தெரிந்துகொண்டே எதிர்த்து நிற்பது. ஒன்று கோணல், நேராய் இருக்க வேண்டியதை வளைத்துவிடுவது. மற்றது குறிதவறுதல். தாவீது எதையும் பூசி மெழுகவில்லை. அவன் கேட்கும் கழுவுதலும் முகங்கழுவுவது போன்றதன்று. அழுக்குத் துணியை மிதித்துத் துவைப்பதற்கு உரிய சொல் அது. கல்லிலே அடித்து வெளுக்கும் எங்கள் துறைகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. புதிய இருதயம் கேட்குமிடத்தில், இறைவன் வானத்தையும் பூமியையும் உண்டாக்கியதற்கு ஆதியாகமம் வழங்கும் வினைச்சொல்லே வருகிறது. தன்னால் திருத்திக்கொள்ள முடியாததைப் படைத்துத் தாரும் என்கிறான்.

இனி எல்லாருக்கும் இடறலாய் இருக்கும் வரிக்கு வருவோம். இறைவனுக்கு எதிராக மட்டுமே தான் பாவம் செய்ததாக அவன் சொல்கிறான். அப்படியானால் உரியாஸ் எங்கே? பல வாலிபர்கள் எம்மிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. எமது எண்ணம் இது. உரியாஸ் இறந்துவிட்டான். அவன் ஏத்தியன், அந்நிய இனத்தான். அரசனை விசாரிக்க ஊரில் நீதிமன்றம் கிடையாது. அவனுக்காக வழக்குரைக்க எஞ்சியிருந்தவர் அவனைப் படைத்தவர் ஒருவரே. ஆகவே இறைவன் முன் நிற்பது உரியாசை ஒதுக்கிவிட்டு நிற்பதன்று. உரியாசுக்காக எழுந்து நிற்பவர் முன்னே நிற்பது. பாட்டின் பிற்பகுதியில் இரத்தப்பழியிலிருந்து விடுவிக்குமாறு மன்றாடும்போது அந்தப் போர்வீரன் திரும்பவும் வந்துவிடுகிறான்.

ஆயினும் இவ்வரியை வசதிக்காகப் பாடுவோரும் உண்டு. தங்கைக்குப் போக வேண்டிய சீதனக் காணியைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டவர் குருவானவரிடம் மனஸ்தாபப்படுகிறார். தங்கை வீட்டுப் படலையைத் திறப்பதில்லை. சக்கேயு நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். இறைவனிடம் மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடவில்லை.

குற்றம் உணர்ந்த அரசன் இன்னொருவனையும் நாம் அறிவோம். வைகாசியில் எம் மாவட்டத்துக் கண்ணகி அம்மன் கோவில்களில் கதவு திறந்து வழக்குரை பாடுவார்கள். களுதாவளைக்கு வடக்கே செட்டிபாளையத்திலும் அக்கோவில் உண்டு. பொற்கொல்லன் சொல்லை விசாரியாது நம்பிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் உண்மையைக் கண்டுகொள்கிறான். மழுப்பவில்லை, மந்திரிமேல் பழி போடவில்லை. தானே தனக்குத் தீர்ப்பிட்டுச் சிங்காசனத்திலிருந்து விழுந்து இறக்கிறான். அந்த நேர்மைக்கு முன் நாம் தலைகுனிய வேண்டும். ஆனால் அவனுடைய குற்ற உணர்வுக்குப் போய்ச்சேர ஓர் இடமில்லை. அவனே குற்றவாளி, அவனே நீதிபதி. எமது மக்கள் அந்தக் கதையைத் தீயோடும் சாவோடும் விட்டுவிட மனமின்றிக் குளிர்த்திப் பாடி முடிக்கிறார்கள் என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பாய் இருக்கிறது.

யூதாஸ் இஸ்காரியோத்தும் உணர்ந்தான். மாசற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததாக வாயாலே சொன்னான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். யாரிடம் சொன்னான்? குருக்களிடம். அது தங்கள் காரியமல்ல என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். மத்தேயு எழுதிய அந்த இடத்தை வாசிக்கும்போது, தொட்டிக்குள் அமர்ந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்ட சில சனிக்கிழமைகள் எம் நினைவுக்கு வருகின்றன. அதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

இராயப்பரோ கரிநெருப்பின் அருகே நின்று மறுதலித்தார். ஆண்டவர் உயிர்த்தபின் திபேரியாக் கரையில் மீன் சுட்டு வைத்து அவரைக் கூப்பிட்டபோதும் அங்கே கரிநெருப்பே இருந்ததென்று அருளப்பர் குறிக்கிறார். அழுதவரைக் கூப்பிட ஒருவர் இருந்தார். களுதாவளைக்கு அயலூராகிய தேற்றாத்தீவில் நாம் நம்பிக்கையோடு தேடிப்போகும் யூதா ததேயு, துரோகியின் பெயரையே கொண்டவர். கைவிடப்பட்ட காரியங்களுக்கெல்லாம் அவரையே சனங்கள் பாதுகாவலராக்கிக் கொண்டார்கள்.

சங்கீதத்தின் கடைசி இரு வரிகள் எருசலேமின் மதில்களைக் கட்டியெழுப்புமாறு கேட்கின்றன. தாவீது காலத்தில் மதில்கள் நின்றன. நகரம் அழிந்த பின்னர் சேர்க்கப்பட்ட வரிகள் இவை என்பது வேதநூல் அறிஞர் பலரின் கருத்து. அரசன் ஒருவனின் பாட்டை ஒரு சனம் முழுவதும் தன் பாட்டாக்கிக் கொண்டது. இங்கே நாம் அதைச் செய்திருக்கிறோமா? 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்ச் சனங்கள் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு சமூகமும் தன் இறந்தோரின் நினைவு நாளைத் தவறாது அனுட்டிக்கிறது. தன் கையால் இறந்தோருக்காக இந்தச் சங்கீதத்தைப் பாடிய எவரையும் நாம் இன்னும் காணவில்லை. பாட வேண்டியவர்கள் மௌனமாயிருக்க, களுதாவளையில் ஒரு தாய் இரவிரவாய்ப் பாடிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தார். “அம்மா, அது உங்கட பாட்டு அல்ல” என்றோம். தாவீது எழுதின கடிதத்தைப் போல நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கலகமும் இல்லை, கோணலும் இல்லை. கடல் பறித்தது. பாவமில்லாத இடத்தில் மன்னிப்புக் கேட்டால், மன்னிப்பு எப்படி வரும்?

அவர் சமாதானப்பட்டார் என்று எழுத எமக்கு ஆசை. அவர் சமாதானப்படவில்லை. “அப்ப நான் எதைச் சுவாமி சொல்ல?” என்று கேட்டார். இருபது வருடமாய்ப் பிடித்திருந்ததையும் நாம் கையிலிருந்து பறித்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தோம். வெள்ளங்கள் தன்னை மூடிவிட்டதாக இறைவனிடமே முறையிடும் ஒருவனின் பாட்டு. ஏன் முகத்தை மறைத்தீர் என்று கேட்கிறான். அதில் பாவ அறிக்கை ஒரு வரியும் இல்லை. மற்றைய புலம்பல்களைப்போல ஈற்றில் ஆறுதலும் இல்லை, இருளோடே முடிகிறது.

நின்றபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் வாசித்தார். “இப்படியும் ஆண்டவரைக் கேட்கலாமோ சுவாமி?” என்றார்.

கேட்கலாம் அம்மா, வேதாகமத்திலேயே இருக்கிறதே என்றோம்.

இரவிலே வாசிக்கச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி கேட்டார். அச்சகத்துப் பையனைக் கொண்டு பெரிய எழுத்தில் அச்சிடுவித்து, மறு ஞாயிறு அவர் கையில் கொடுத்தோம்.